நல்ல மாதமும் வெறும் மாதமும்: ஃப்ரீலான்ஸ் தொடக்கத்தில் வருமானத்தை வெளிப்படையாகச் சொல்வதற்கு ஒரு முழு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் இப்போது ஃப்ரீலான்ஸ் (மாதச் சம்பளம் இல்லாமல், வேலைக்கு வேலை காசு வாங்கிச் செய்கிற தொழில்) தொடங்குகிற பிள்ளைகளின் கண்ணில் முதலில் படுவது யாரோ ஒருவருடைய ஸ்கிரீன்சொட். இந்த மாதம் இத்தனை டொலர் என்று ஒரு தொகை, அதற்குக் கீழே வரிசையாக வாழ்த்துகள். அந்தத் தொகைக்கு முன்னால் எத்தனை மாதம் ஒன்றுமே வரவில்லை, கமிஷன் போகக் கையில் எவ்வளவு மிஞ்சியது, அதற்கு அடுத்த மாதம் என்ன நடந்தது என்ற எதுவும் அதில் இருக்காது. அதைப் பார்த்துவிட்டு ஒருவர் கொக்குவிலில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விடுகிறார். இன்னொருவர் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தும், மூன்றாம் மாதம் காசு வரவில்லை என்றவுடன் தனக்கு இது சரிவராது என்று லப்டொப்பை மூடிவிடுகிறார். இரண்டு பேரையும் கெடுத்தது அந்த அரைகுறைத் தகவல்தான்.

அதற்காக வருமானத்தை வெளியில் சொல்லவே கூடாது என்று சொல்ல வரவில்லை. கட்டாயம் சொல்ல வேண்டும். நம்முடைய இடத்தில் இந்தத் தொழிலுக்கு முன்னோடிகள் குறைவு, அரசாங்க உத்தியோகத்தின் சம்பள அளவு எல்லாருக்கும் தெரியும், இதில் என்ன வரும் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனால் சொல்வதைத் தொடராகச் சொல்ல வேண்டும். கூடின மாதத்தை யாரிடம் சொன்னீர்களோ அவர்களிடமே குறைந்த மாதத்தையும் சொல்ல வேண்டும். ஒரேயொரு மாதத்தை மட்டும் சொல்லப்போகிறீர்கள் என்றால் சொல்லாமலே இருந்துவிடுங்கள், அதனால் ஒருவருக்கும் கெடுதல் இல்லை.

கீழே இருக்கும் வரிசை முக்கியம்: முதலில் உங்கள் கொப்பி, பிறகு வீடு, பிறகு கூட்டாளிகள், அதற்கெல்லாம் பிறகுதான் பொதுவெளி.

முதல் படி: எது வருமானம் என்று முடிவு செய்யுங்கள்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள், அதனால் இதில் கொஞ்சம் நேரம் எடுக்கிறேன். ஒரே வேலைக்கு நான்கு வேறு வேறு தொகைகள் உண்டு. கிளையன்ட் கொடுத்தது ஒன்று, வேலை பிடித்துத் தரும் இணையத்தளம் தன் பங்கை எடுத்தபின் மிஞ்சுவது ஒன்று, வங்கிக் கணக்கில் ரூபாவாக விழுவது ஒன்று, செலவு கழித்தபின் உண்மையாகவே உங்களுடையதாக இருப்பது ஒன்று. ஸ்கிரீன்சொட்டில் முதலாவது இருக்கவும் கூடும்.

அப்படியான தளங்களில் ஒன்றான ஃபைவர் ஒவ்வொரு ஓடரிலும் 20 வீதத்தை எடுத்துக்கொள்கிறது. 100 டொலர் ஓடர் என்றால் உங்களுக்கு 80. இன்னொரு தளமான அப்வேர்க்கில் 2023 மே மாதத்தில் இருந்து ஒரே சீராக 10 வீதம் எடுத்தார்கள், 2025 மே மாதத்துக்குப் பிறகு தொடங்கும் ஒப்பந்தங்களுக்கு அது 0 முதல் 15 வீதம் வரை ஒவ்வொன்றுக்கும் வேறுபடும். அதுபோக, அப்வேர்க்கில் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கவே கனெக்ட்ஸ் என்ற டோக்கன்கள் வேண்டும், ஒரு கனெக்ட் 15 அமெரிக்கச் சதம், ஒரு விண்ணப்பத்துக்குப் பல கனெக்ட்ஸ் போகும். பதிலே வராத விண்ணப்பங்களுக்குப் போன காசை யாருமே தங்கள் கணக்கில் எழுதுவதில்லை. எழுதுங்கள். தொடக்க மாதங்களில் சில சமயம் வருமானம் பூச்சியத்துக்கும் கீழே நிற்கும், அது அப்படித்தான் என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அடுத்தது, காசு எந்த மாதத்தைச் சேர்ந்தது என்ற கேள்வி. ஃபைவரில் சாதாரண நிலையில் இருக்கும் ஒருவருக்கு ஓடர் முடிந்து 14 நாளுக்குப் பிறகுதான் அந்தக் காசை எடுக்க முடியும். ஏப்ரல் 24 இல் முடித்த வேலையின் காசு மே 8 இல்தான் கைக்கு எட்டும். அப்வேர்க்கில் மணிக்கணக்கு வேலை என்றால், ஞாயிற்றுக்கிழமையோடு வாரக்கணக்கு முடிந்து சுமார் 10 நாள் செல்லும். ஆகவே ஏப்ரலில் இராப்பகலாக வேலை செய்தவருக்கு ஏப்ரல் மாதம் வெறும் மாதமாகவும், மேயில் நல்லூர்ப் பக்கம் சும்மா சுற்றித் திரிந்தவருக்கு மே மாதம் கொழுத்த மாதமாகவும் கணக்கில் தெரியலாம். இதனால் நான் சொல்வது, கையில் வந்த திகதியை வைத்தே எழுதுங்கள், ஆனால் பக்கத்திலேயே அந்த வேலை செய்த மாதத்தையும் குறியுங்கள்.

உள்ளூர் வேலையிலும் இதே சிக்கல் உண்டு. கடைப் பெயர்ப்பலகை, கலியாண ஆல்பம், நோட்டீஸ் என்று நம் ஊர்க்காரருக்குச் செய்கிற வேலையில் காசு எப்போது வரும் என்பதற்கு ஒரு விதியும் இல்லை. 'பிறகு தாறன் தம்பி' என்று சொன்ன காசு வரும்வரைக்கும் வருமானம் இல்லை. அதை 'வரவேண்டியது' என்று தனியாக எழுதி வைத்துவிட்டு, வந்த நாளில் மட்டும் வருமானத்தில் சேருங்கள். சொந்தக்காரருக்குச் சும்மா செய்து கொடுத்ததையும் மணித்தியாலமாக எழுதுங்கள், வருட முடிவில் பார்த்தால் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும்.

டொலரா ரூபாவா என்று கேட்டால், இரண்டும். 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபாவாக இருந்தது, மே நடுப்பகுதியில் 360 ரூபா வரைக்கும் போனது. அந்த இரண்டரை மாதத்தில் ஒருவர் ஒரு டொலர்கூட அதிகமாக உழைக்காமல் அவருடைய ரூபா வருமானம் முக்கால் பங்குக்கு மேல் ஏறியிருக்கும். அதே காலத்தில்தான் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது, பெற்றோல் வரிசை இருந்தது, கடையில் எல்லா விலையும் ஏறியது. ரூபாவை மட்டும் சொன்னால் உழைப்பு வளர்ந்தது போலத் தெரியும், டொலரை மட்டும் சொன்னால் வீட்டுச் செலவுக்கு அது என்ன பெறுமதி என்று விளங்காது. எடுத்த நாளின் மாற்று வீதத்தையும் சேர்த்து எழுதிவிட்டால் குழப்பம் முடிந்தது.

ஆகக் கொப்பியிலோ கூகுள் ஷீட்டிலோ ஒவ்வொரு மாதத்துக்கும் இவை இருந்தால் போதும்: கிளையன்ட் கொடுத்த மொத்தம், தளக் கட்டணம் போக மிஞ்சியது, வங்கியில் விழுந்த ரூபா, அன்றைய வீதம், இணையம், மின்சாரம், மென்பொருள், கனெக்ட்ஸ் என்று போன செலவு, வேலை செய்த மணித்தியாலம், வேலை தேடிய மணித்தியாலம், இன்னும் வரவேண்டியது. கடைசியாக ஒரு வரி: ஏன். அந்த 'ஏன்' தான் பின்னால் எல்லாவற்றையும் விட உதவும்.

இரண்டாம் படி: ஆறு மாதம் சேரும்வரை பொறுங்கள்

ஒரு மாதத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது, இரண்டு மாதத்தை வைத்தும் முடியாது. விளங்குவதற்காக நானாகப் போட்ட ஓர் உதாரணக் கணக்கைப் பாருங்கள். லோகோவும் சமூக ஊடகப் படங்களும் செய்கிற ஒருவர், எல்லா வேலையும் ஃபைவரில், கட்டணம் போகக் கையில் வந்தது இவ்வளவு: ஜனவரி 45 டொலர், பெப்ரவரி 0, மார்ச் 160, ஏப்ரல் 90, மே 520, ஜூன் 110.

இவர் மே மாதம் கிளையன்ட்கள் கொடுத்த மொத்தத்தை ஸ்கிரீன்சொட் போட்டால் அதில் 650 டொலர் என்று இருக்கும், 20 வீதம் கழியும் முன்னான தொகை அது. பார்க்கிறவர் மனதில் ஒரு டொலருக்கு 300 ரூபா என்று பெருக்கி, மாதம் ஒரு லட்சத்து 95 ஆயிரம் உழைக்கிறான் என்று நினைப்பார். ஆறு மாதத்தையும் கூட்டினால் 925 டொலர், சராசரி மாதத்துக்கு 154. அதுகூட மே மாதம் ஒன்று தூக்கிவிட்ட சராசரி. சாதாரண தரக் கணிதத்தில் படித்த இடையத்தை எடுங்கள், தொகைகளைச் சிறிதில் இருந்து பெரிதாக அடுக்கி நடுவில் நிற்கும் 90 ஐயும் 110 ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 100 டொலர் வரும். அதாவது இவருடைய வழக்கமான மாதம் 30,000 ரூபா அளவில் இருக்கிறது. ஒரு லட்சத்து 95 ஆயிரத்துக்கும் முப்பதாயிரத்துக்கும் இடையில் இருக்கும் அந்தத் தூரத்தில்தான் ஆட்கள் விழுந்து எழும்புகிறார்கள்.

இதில் ஒருவரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள், 650 உண்மையான தொகைதான். ஆனாலும் அதைத் தனியாகக் காட்டினால் பார்க்கிறவருக்குப் பிழையான முடிவுதான் கிடைக்கும்.

பெப்ரவரியின் பூச்சியத்துக்கு 'ஏன்' என்ற வரியில் என்ன எழுதியிருக்கிறார் என்பதும் முக்கியம். வேலை கேட்டும் கிடைக்காத பூச்சியம் வேறு, காய்ச்சலில் படுத்த பூச்சியம் வேறு, வேலை முடித்தும் காசு மார்ச்சில் வந்த பூச்சியம் வேறு. மேற்கு நாட்டுக் கிளையன்ட்கள் டிசெம்பர் கடைசியில் விடுமுறைக்குப் போய்விடுவார்கள், ஜனவரி நடுப்பகுதிவரை பதில் வராது, அதனால் வருடத் தொடக்கம் பலருக்குக் காய்ந்துதான் இருக்கும். நம் பக்கத்திலும் உண்டு: நல்லூர்த் திருவிழா 25 நாளும் வீட்டுக்கு ஆட்கள் வந்து போய்க்கொண்டிருப்பார்கள், வெளிநாட்டில் இருந்து வந்த சொந்தங்களைக் கூட்டித் திரிய வேண்டும், அந்த மாதம் வேலை நேரம் பாதியாகும். இதையெல்லாம் எழுதினால் அடுத்த வருடம் அதே மாதம் வரும்போது பயம் வராது.

மூன்றாம் படி: வீடு

முதலில் கேட்க உரிமையுள்ளவர்கள் வீட்டுக்காரர். அவர்களிடம் மறைப்பவர்களையும் பார்க்கிறேன், நல்ல மாதத்தை மட்டும் பெரிதாகச் சொல்பவர்களையும் பார்க்கிறேன். இரண்டாவது வகையில்தான் வீட்டுக்கு அதிகக் கரைச்சல். ஒரு நல்ல மாதத்தைச் சொன்னவுடன் அம்மா அதை மாதச் சம்பளம் என்று எடுத்துக்கொள்வார், மாதம் இருபதாயிரம் கட்டுகிற சீட்டில் உங்கள் பெயரைச் சேர்த்துவிடுவார், அப்பா மோட்டார் சைக்கிளுக்கு லீசிங் போடலாம் என்பார், கனடாவில் இருக்கும் மாமா 'பெடியன் இப்ப நல்லா உழைக்கிறான்தானே' என்று தங்கைச்சியின் படிப்புக்கு அனுப்புகிற காசை நிறுத்துவார். இதெல்லாம் ஒரு வாரத்துக்குள் நடக்கும். இரண்டு மாதம் கழித்து வருமானம் படுத்தால் சீட்டுக் காசுக்கு நகை அடகுக்குப் போகும். அவர்கள் மேல் பிழை இல்லை, அவர்களுக்குக் கிடைத்த தகவலுக்கு ஏற்பத்தான் நடந்தார்கள்.

ஆகவே தொகையைச் சொல்லும்போதே அது எத்தனை மாத வேலை என்பதையும், இனி எவ்வளவை நம்பலாம் என்பதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுங்கள். மேலே சொன்ன உதாரணக்காரர் மே மாதம் இப்படிச் சொல்லலாம்:

'அம்மா, இந்த மாதம் ஒரு லட்சத்து ஐம்பத்தாறாயிரம் வந்தது. மார்ச்சும் ஏப்ரலும் செய்த வேலைக்கான காசு இது.'

'அப்ப வாற மாதமும் இவ்வளவு வருமோ?'

'தெரியாதம்மா. முப்பதாயிரம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ, கூட வந்தாச் சொல்லுறன், குறைஞ்சாலும் சொல்லுறன்.'

இந்தக் கடைசி வரியை உண்மையாகவே செய்ய வேண்டும். ஜூனில் 33,000 வந்தவுடன் கேட்கும்வரை காத்திராமல் தானாகவே போய்ச் சொல்ல வேண்டும். இரண்டு மூன்று தடவை அப்படிச் சொன்னால் வீடு அதற்குப் பழகிவிடும். தோட்டம் செய்கிற வீடு என்றால் இன்னும் சுகம், மருதனார்மடம் சந்தையில் வெங்காயம் இந்தக் கிழமை என்ன விலை போகும் என்று தெரியாமலே காலம் முழுக்கப் பயிர் செய்தவர்களுக்கு ஏறி இறங்குகிற வருமானத்தைப் புதிதாக விளங்கப்படுத்தத் தேவையில்லை, 'இதுவும் உங்கட வெங்காயம் மாதிரித்தான் அப்பா' என்றால் போதும். மாதச் சம்பளத்தில் வாழ்ந்த ஆசிரியர் வீடு, வங்கி வீடு என்றால் கொப்பியைத் திறந்து ஆறு மாதத்தையும் காட்டுவதுதான் வழி.

வீட்டுக்கு மாதாமாதம் கொடுக்கிற தொகையை இடையத்துக்குக் கீழே எங்கேயாவது வைத்து நிரந்தரமாக்குங்கள். நல்ல மாதத்தில் மிஞ்சுவது வேறொரு கணக்கில் கிடக்கட்டும், வெறும் மாதத்தில் வீட்டுக்கான தொகை அங்கிருந்து வரும். சீட்டு, லீசிங் போன்ற மாதக் கட்டாயங்கள் எதையும் முதல் வருடத்தில் வைக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. கட்டாயம் வேண்டுமென்றால் உங்கள் மிகக் குறைந்த மூன்று மாதங்களைப் பார்த்து, அதில் கட்ட முடியுமா என்று மட்டும் கேளுங்கள்.

சம்பந்தம் பேச வரும் இடத்தில் 'பிள்ளைக்கு என்ன சம்பளம்' என்று கேட்பார்கள். அங்கேயும் மே மாதத்தைச் சொல்ல வீட்டாருக்கு ஆசை வரும். முன்கூட்டியே அம்மா அப்பாவிடம் சொல்லி வையுங்கள்: கேட்டால் கடந்த 12 மாதத்தின் மொத்தத்தைச் சொல்லுங்கள், மாதத் தொகை சொல்ல வேண்டாம். கலியாணம் முடிந்து முதல் வெறும் மாதம் வரும்போது அந்தப் பிள்ளை ஏமாற்றப்பட்டதாக நினைக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

நான்காம் படி: கூட்டாளிகள் நாலைந்து பேர்

பொதுவெளிக்கு முன் ஒரு சிறிய வட்டம் வேண்டும். நான்கு பேர், கூடிப்போனால் ஐந்து பேர். எல்லாரும் ஒரே வேலை செய்ய வேண்டும் என்றில்லை, ஒருவர் டிசைன், ஒருவர் வீடியோ எடிட்டிங், ஒருவர் மொழிபெயர்ப்பு, ஒருவர் வெப்சைட் என்று இருந்தால் நல்லதுதான், ஆனால் எல்லாரும் தொடங்கிய காலம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கட்டும். பத்து வருடம் ஓடிய அண்ணா ஒருவர் உள்ளே இருந்தால் மற்றவர்கள் வாய் திறக்க மாட்டார்கள், அவரிடம் தனியாக ஆலோசனை கேளுங்கள்.

மாதம் ஒரு தடவை, திருநெல்வேலிச் சந்தியில் தேநீர்க் கடையிலோ யாருடைய வீட்டு விறாந்தையிலோ இருந்து ஒவ்வொருவரும் தங்கள் வரிகளை வாசியுங்கள். எல்லாரும் சொல்ல வேண்டும், கேட்டுக்கொண்டு மட்டும் இருக்க ஒருவருக்கும் இடமில்லை. சொன்னது வெளியே போகக் கூடாது, வீட்டுக்கும்கூட. ஒருவர் பூச்சியம் என்று சொன்னால் உடனே புத்திமதி சொல்லத் தொடங்க வேண்டாம், அவர் கேட்டால் சொல்லுங்கள். நம் ஊரில் பரீட்சை முடிவு வந்த நாளில் இருந்தே ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டு வளர்த்துவிட்டார்கள், அந்தப் பழக்கத்தை இந்த வட்டத்துக்குள் விடாமல் காப்பதுதான் கடினமான வேலை. யார் அதிகம் உழைத்தது என்ற பேச்சு தொடங்கினால் அடுத்த மாதமே ஒருவர் தொகையைக் கூட்டிச் சொல்லத் தொடங்குவார், அதோடு அந்த வட்டத்தால் பயன் இல்லை.

ஒப்பிட வேண்டியது மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்பதைத்தான். மாதம் 93,000 வந்தவர் இணையம், மின்சாரம், மென்பொருளுக்கு 12,000 கழித்து, வேலை தேடிய நேரத்தையும் சேர்த்து 95 மணித்தியாலத்தால் பிரித்தால் மணிக்குச் சுமார் 850 ரூபா. மாதம் 40,000 மட்டும் வந்த இன்னொருவர் 30 மணித்தியாலம்தான் வேலை செய்திருந்தால், செலவு கழித்தும் அவர் முன்னுக்கு நிற்கக்கூடும். இது தெரிந்தவுடன் முதலாமவர் யோசிக்கத் தொடங்குவார்: எந்தக் கிளையன்ட் என் நேரத்தைச் சாப்பிடுகிறார், எங்கே விலையைக் குறைத்துக் கேட்டேன்.

விலையை ஒருவருக்கொருவர் சொல்வதால் வரும் நன்மை பெரியது. ஐந்து டொலருக்கு லோகோ செய்துகொண்டிருக்கிற பிள்ளைக்கு, அதே தரத்தில் செய்கிற பக்கத்து ஊர்க்காரர் நாற்பது கேட்டு வாங்குகிறார் என்று தெரியாது. அவர் சொன்னால்தான் தெரியும். சொன்னால் தன் கிளையன்ட்டைப் பறித்துவிடுவார்களோ என்ற பயம் சிலருக்கு உண்டு. தளங்களில் உலகம் முழுவதும் இருந்து வருகிற போட்டியில் கோண்டாவிலில் இருக்கும் உங்கள் நண்பர் ஒரு பொருட்டே இல்லை. அவர் உயர்ந்த விலை கேட்கத் தொடங்குவது உங்களுக்கும் நல்லது.

ஐந்தாம் படி: பொதுவெளிக்குப் போகும் முன் தீர்மானிக்க வேண்டியவை

எல்லாரும் பொதுவெளியில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பெண்பிள்ளைகள் தொகையோடு எழுதினால் இன்பொக்ஸில் வரும் தொந்தரவு வேறு மாதிரி இருக்கும், வீட்டுச் சூழல் இடம்கொடாதவர்களும் உண்டு. அவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. முதல் காலாண்டை 100 என்று வைத்து, அடுத்தது 60, அதற்கடுத்தது 180 என்று விகிதமாக மட்டும் எழுதலாம். ஏற்ற இறக்கம்தானே மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியது, அது இதிலேயே தெரியும். அல்லது 25,000 க்குக் கீழே, 25,000 முதல் 75,000 வரை, அதற்கு மேல் என்று மூன்று படியாகச் சொல்லலாம். சிறிய வட்டத்தோடு நிறுத்திக்கொள்வதும் முழுமையான ஒரு தெரிவுதான்.

பொதுவெளிக்குப் போவதென்றால், முதல் பதிவுக்கு முன்பே எவ்வளவு காலத்துக்கு, எந்தத் திகதியில் எழுதுவேன் என்று அறிவித்துவிடுங்கள். 'அடுத்த 12 மாதமும் ஒவ்வொரு மாதம் 10 ஆம் திகதி எழுதுவேன், பூச்சியமாக இருந்தாலும் எழுதுவேன்' என்று சொல்லிவிட்டால் வெறும் மாதத்தில் நழுவ மனம் வந்தாலும் முடியாது. நடக்கிற மாதத்தை எழுதாமல் ஒரு மாதம் பின்தங்கி எழுதுங்கள், காசு கைக்கு வந்து சேர்ந்து, திருப்பிக் கேட்கக்கூடிய ஓடர்கள் எல்லாம் தெளிந்த பிறகு.

கிளையன்ட் பெயர், வேலையின் விவரம், ஓடர் எண், மின்னஞ்சல், வங்கி மீதி எதுவும் வெளியே வரக் கூடாது. ஸ்கிரீன்சொட்டைத் தவிர்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம், கறுப்புக் கோடு போட்டு மறைத்தாலும் எங்கேயாவது ஒரு மூலையில் ஒரு பெயர் மிஞ்சி நிற்கும். இரகசியம் காப்பதாகக் கையெழுத்து வைத்த வேலை என்றால் தொகையைச் சொல்லலாமா என்று அந்தத் தாளை மறுபடியும் வாசியுங்கள். ஒரேயொரு கிளையன்ட்தான் இருக்கிறார் என்றால் உங்கள் வருமானம் அவர் கொடுக்கிற விலையேதான், அதை மாதாமாதம் எழுதாமல் மூன்று மாதத்தைச் சேர்த்து எழுதுங்கள். தமிழில்தானே எழுதுகிறேன் கிளையன்ட்டுக்கு விளங்காது என்று எண்ணவும் வேண்டாம், ஒரு பொத்தானை அழுத்தினால் மொழிபெயர்ப்பு வந்துவிடும். வெறும் மாதம் என்று படித்த கிளையன்ட் அடுத்த வேலைக்கு விலை குறைத்துக் கேட்கக்கூடும், எனவே வேலை தேடுகிற கணக்கையும் வருமானம் எழுதுகிற கணக்கையும் வேறு வேறாக வைத்திருங்கள்.

வரி. 2025 ஏப்ரல் 1 முதல் தனிநபருக்கான வருடாந்த விலக்கு 12 இலட்சத்தில் இருந்து 18 இலட்சம் ரூபாவாகக் கூடியது. வெளிநாட்டவருக்குச் செய்த சேவைக்காக வங்கி வழியாக வெளிநாட்டு நாணயத்தில் வரும் வருமானத்துக்கு அதற்கு முன் வரிவிலக்கு இருந்தது, அதே நாளில் இருந்து அதற்கும் வரி உண்டு, அதிகபட்சம் 15 வீதம். எல்லை வருடத்துக்குத்தான், மாதத்துக்கு இல்லை: உதாரணக்காரருக்கு மே மாதம் 156,000 வந்தது மாதக் கணக்கில் 150,000 ஐத் தாண்டினாலும், ஆறு மாத மொத்தம் 300 ரூபா வீதத்தில் 277,500 தான். வரி ஆண்டு ஏப்ரல் 1 இல் தொடங்கி மார்ச் 31 இல் முடியும், படிவம் நவம்பர் 30 க்குள் கொடுக்க வேண்டும். வரி எண் எடுத்து, எழுதி வைத்த கணக்கை அப்படியே காட்டுங்கள். பொதுவெளியில் ஒரு தொகை, படிவத்தில் இன்னொரு தொகை என்று வைத்திருப்பவர் தன் கையாலேயே தனக்கு எதிரான சாட்சியை எழுதுகிறார்.

ஆறாம் படி: பதிவை எழுதுவது

நீளமாக வேண்டாம். உதாரணக்காரரின் மே மாதப் பதிவு இப்படி இருந்தால் போதும்:

'மே மாதக் கணக்கு. கிளையன்ட்கள் கொடுத்தது 650 டொலர், கட்டணம் போகக் கையில் 520, எடுத்த நாளில் ஒரு டொலர் 300 ரூபா. இதில் பெரும்பகுதி மார்ச், ஏப்ரலில் செய்த ஒரே பெரிய வேலையின் காசு, அது முடிந்துவிட்டது, திரும்ப வரும் என்று சொல்ல முடியாது. முந்தைய மாதங்கள்: ஜனவரி 45, பெப்ரவரி 0, மார்ச் 160, ஏப்ரல் 90. மே மாதம் புதிய ஓடர் இரண்டுதான் வந்தது, ஆகவே ஜூன் குறையும். நான் வீட்டில் இருக்கிறேன், வாடகையும் சாப்பாட்டுச் செலவும் எனக்கு இல்லை, லப்டொப் அக்கா வாங்கித் தந்தது.'

கடைசி வரியைப் பாருங்கள். அதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், அது இல்லாவிட்டால் முழுக்கணக்கும் பிழையாகப் படிக்கப்படும். பெற்றோரின் வீட்டில் இருந்து தொடங்குகிறவருக்கும், இரண்டு பிள்ளைகளோடு வாடகை வீட்டில் இருந்து தொடங்குகிறவருக்கும் 30,000 ரூபா ஒன்றே இல்லை. வெளிநாட்டில் இருந்து யாராவது உதவினால் அதையும் சொல்லுங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை, உதவி இல்லாமல் தொடங்குகிறவர் தன்னை உங்களோடு ஒப்பிட்டு உடைந்துபோகாமல் இருக்க அது தேவை.

முந்தைய மாதங்களை ஒவ்வொரு பதிவிலும் திரும்பத் திரும்பப் போடுங்கள். ஒரு பதிவு மட்டும் பகிரப்பட்டு எங்கேயோ போகும், அதைப் படிக்கிறவர் பழைய பதிவைத் தேடிப் போக மாட்டார்.

பூச்சிய மாதத்துப் பதிவில் புலம்பலும் வேண்டாம், தைரிய வசனமும் வேண்டாம். எத்தனை விண்ணப்பம் போட்டேன், எத்தனைக்குப் பதில் வந்தது, எதனால் என்று நினைக்கிறேன், அடுத்து எதை மாற்றப்போகிறேன் என்று எழுதினால் நல்ல மாதத்துப் பதிவை விட அதுதான் பிறருக்குப் பயன்படும். பின்னால் வருகிற ஒரு பிள்ளை தன் பெப்ரவரியில் அதைத்தான் தேடிப் படிக்கும்.

ஏழாம் படி: எழுதிய பிறகு வருகிறவை

கடன் கேட்டு வருவார்கள். நெருங்கியவர்களும் வருவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு காரணம் சொல்லிக்கொண்டிருக்காமல் ஒரே பதிலை வைத்திருங்கள்: மிஞ்சுகிற காசு வெறும் மாதத்துக்கு ஒதுக்கியது, அதில் கை வைக்க முடியாது. வெறும் மாதங்களையும் எழுதி வந்தவருக்கு இந்தப் பதிலைச் சொல்வது சுலபம், நல்ல மாதத்தை மட்டும் எழுதியவர் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

'எனக்கும் பழக்கி விடுங்கோ அண்ணா' என்று வருகிறவர்களிடம் காசு வாங்கி வகுப்பு நடத்துகிற யோசனை இந்தக் கட்டத்தில்தான் வரும். என் கருத்து கடுமையானது: வருமானத்தைப் பொதுவெளியில் எழுதுகிற காலம் முழுவதும் அதைக் காட்டி எதையும் விற்காதீர்கள். விற்கத் தொடங்கிய நாளில் இருந்து வெறும் மாதம் உங்களுக்கு வியாபார நட்டமாகிவிடும், பிறகு அதை மறைக்கத் தோன்றும். வகுப்பு நடத்தி வந்த காசை ஃப்ரீலான்ஸ் வருமானத்தோடு சேர்த்துக் காட்டுவது அதைவிட மோசம். படிப்பிக்க விருப்பம் என்றால் படிப்பியுங்கள், அந்த வருமானத்தைத் தனி வரியாக எழுதுங்கள்.

வேலையை விடலாமா என்று உங்கள் பதிவைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டால், ஆம், இல்லை என்று நீங்கள் சொல்லாதீர்கள். அவருடைய வீட்டு மாதச் செலவு எவ்வளவு, எத்தனை மாதத்துக்குக் காசு கையில் இருக்கிறது என்று கேளுங்கள், உங்கள் ஆறு மாதக் கணக்கை அவருடைய செலவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அநேகமாக அவரே விடையைக் கண்டுபிடித்துவிடுவார்.

கண்ணூறு படும் என்று அம்மா பயந்தால் சண்டை பிடிக்க வேண்டாம், தொகையை விட்டு விகிதத்துக்கு மாறுங்கள்.

சொன்ன 12 மாதம் முடிந்ததும் காலாண்டுக்கு ஒரு தடவையாகக் குறைக்கலாம், நிறுத்தவும் செய்யலாம். நிறுத்துவதென்றால் நல்ல மாதமொன்றில் நிறுத்தாமல், முழு வருடத்தின் பட்டியலையும் இடையத்தையும் ஒரு பதிவில் போட்டு, இனி எழுதப்போவதில்லை என்று சொல்லி நிறுத்துங்கள். பழைய பதிவுகளை அழிக்க வேண்டாம். பின்னால் உங்கள் விலை எவ்வளவு ஏறினாலும் அந்த 45 டொலர் ஜனவரியும், அதற்கடுத்த பூச்சியமும் தேடுகிறவருக்குக் கிடைக்கிற இடத்தில் இருக்கட்டும்.